புதுச்சேரியில் கிரகணக் கணிதம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர்கள், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு சூரிய, சந்திர கிரகணங்களை முன்கூட்டிக் கணித்தனர். இம்முறையை இரண்டு ஐரோப்பியர் நேரில் கற்றுப் பதிவுசெய்தனர். முதலாமவர் 1768இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்டி. இரண்டாமவர் 1825இல் 'கால சங்கலித' என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன். அவர்களின் பதிவுகளால் தமிழக வாக்கியக் கணித மரபு உலக வானியல் வரலாற்றில் இடம்பெற்றது.

பின்னணி

பஞ்சாங்கத்தில் திதி, நட்சத்திரம், யோகம், கரணம் எனப் பல குறிப்புகள் உள்ளன. இவற்றில் ஒரு நாழிகை பிழை இருந்தாலும் பஞ்சாங்கத்தைப் பயன்படுத்துபவருக்குத் தெரியாது. கிரகணம் அப்படியானதன்று. சந்திரன் எப்போது மறையத் தொடங்குகிறது, எப்போது விடுகிறது என்பதை ஊரே வெறுங்கண்ணால் பார்க்கும். கிரகண நேரத்தை ஒட்டியே நீராடலும் தர்ப்பணமும் நோன்பும் நடந்தன. ஆகவே பஞ்சாங்கக் கணிதரின் திறமைக்கு எல்லோர் முன்னிலையிலும் நடந்த சோதனை கிரகணமே.

லெ ஜான்டி

வெள்ளி கோள் சூரியனைக் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக லெ ஜான்டி 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. செய்தி அறிந்து கப்பல் திரும்பியதால், அவ்வாண்டு ஜூன் 6 அன்று நடந்த நிகழ்வை அவர் நடுக்கடலில் கப்பல் தளத்திலிருந்தே பார்த்தார். ஆடும் கப்பலில் எடுத்த அளவுகள் பயன்படவில்லை. அடுத்த நிகழ்வு 1769இல் நடக்கவிருந்ததால் அவர் ஊர் திரும்பாமல் காத்திருந்தார்.

புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தபின், 1768 மார்ச்சில் அங்கு வந்து சேர்ந்தார். இடிந்த கோட்டையின் மீது அவருக்கு ஒரு வானாய்வகம் கட்டித் தரப்பட்டது. 1769 ஜூன் 4 காலை வானம் மேகமூட்டமாக இருந்தது. வெள்ளியின் நகர்வை அவர் பார்க்க முடியவில்லை. 1771இல் பிரான்சுக்குத் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு, அறிவியல் கழகத்தில் அவருடைய இடம் பிறருக்கு வழங்கப்பட்டிருந்தது.

புதுச்சேரியில் அவர் காத்திருந்த காலம் வேறு வகையில் பயன்பட்டது. உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் அவர் கிரகணக் கணிதம் கற்றார். கணிதர்கள் சோழிகளை வைத்துக் கணக்கிடுவதையும், அட்டவணைகளை ஏட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்தே சொல்வதையும் குறிப்பிட்டு எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நடந்த சந்திர கிரகணத்தை இம்முறையில் கணித்தபோது, கிரகணம் நீடித்த நேரம் உண்மையைவிட 41 வினாடி மட்டுமே குறைவாக வந்தது. அக்கால ஐரோப்பாவில் சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 வினாடி மிகுதியாகக் காட்டின. தம் பயணங்களை லெ ஜான்டி 1779, 1781 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

வாக்கிய முறை

வானில் சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஒரு நாளில் ஏறத்தாழ 12 பாகை முதல் 15 பாகை வரை நகரும். வேகம் கூடிக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. இவ்வாறான 9 சுற்றுகள் 248 நாட்களில் முடிகின்றன. வேறுபாடு கால் மணி நேரத்துக்கும் குறைவு. எனவே 248 நாட்களுக்குச் சந்திரன் இருக்குமிடத்தை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த 248 மதிப்புகளே சந்திர வாக்கியங்கள். இவை வரருசியின் பெயரால் வழங்குகின்றன.

ஒவ்வொரு மதிப்பும் ஒரு சிறு சொற்றொடராக அமைக்கப்பட்டது. க, ட, ப, ய ஆகிய எழுத்துகளில் தொடங்கி வடமொழி மெய்களுக்கு எண்மதிப்பு தரும் கடபயாதி முறை இதற்குப் பயன்பட்டது. சொல்லின் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'தேவரம்' என்ற சொல்லில் தே 8, வ 4, ர 2. திருப்பிப் படித்தால் 248. 'காலாநலம்' 3031 ஆகும். 'ரசகைரிகா' 12372 ஆகும். இவை பொருளற்ற எண்கள் அல்ல. 3031 நாட்களில் சந்திரனின் வேகச் சுற்று 110 முறை நிறைவடைகிறது. பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 12372 நாட்களில் 449 சுற்றுகள் முடிகின்றன.

கணக்கிடும் வழி எளியது. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 1600984ஐக் கழிக்க வேண்டும். அந்நாள் 1282 மே 22க்குச் சமம். தமிழகத்தில் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் 'வாக்கியகரணம்' என்ற நூலின் காலம் இதைக் கொண்டே 13ஆம் நூற்றாண்டளவில் வைக்கப்படுகிறது. மீதியை 12372ஆலும், அதில் எஞ்சுவதை 3031ஆலும், பின்னர் எஞ்சுவதை 248ஆலும் வகுக்க வேண்டும். கடைசி மீதியே வாக்கியத்தின் எண்.

எடுத்துக்காட்டாக, 1825 மே 31 காலை சூரிய உதயம் வரை கழிந்த கலி நாட்கள் 1799312. அதில் 1600984 போக மீதி 198328. இதில் 12372 பதினாறு முறை அடங்க, எஞ்சுவது 376. இது 3031ஐவிடச் சிறியது. 248 ஒருமுறை போக மீதி 128. அன்றைக்குரியது 128ஆவது வாக்கியம். அதில் வரும் மதிப்புடன், வகுத்தலில் கிடைத்த ஒவ்வொரு ஈவுக்கும் உரிய நிலையான மதிப்புகளைக் கூட்டினால் சந்திரன் இருக்குமிடம் கிடைக்கும். அடுத்த வாக்கியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சந்திரனின் ஒருநாள் ஓட்டத்தைத் தரும். சூரியனின் இடத்தையும் ராகு, கேதுவின் இடத்தையும் தனியே கணித்து, பௌர்ணமி முடியும் நேரத்தில் சந்திரன் ராகுவுக்கோ கேதுவுக்கோ போதிய அருகில் இருந்தால் கிரகணம் உண்டு என்று முடிவுசெய்வர்.

ஜான் வாரன்

வாரன் 1769இல் இத்தாலியின் லிவோர்னோவில், அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலேயப் படையில் பணியாற்றினார். லாம்ப்டனின் நில அளவைப் பணியில் பங்கேற்றார். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை வகித்தார். பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்து 1830இல் இறந்தார். தென்னிந்தியக் காலக்கணித முறைகளை விளக்கும் அவருடைய 'கால சங்கலித' 1825இல் சென்னையில் அச்சானது.

அந்நூலில் வாரன் புதுச்சேரியில் வசித்த ஒரு பஞ்சாங்கக் கணிதரைக் குறிப்பிடுகிறார். அவர் ரோமன் எழுத்தில் எழுதிய பெயரைச் சாமிநாதன் சேஷையா என்று வாசிக்கலாம். வானியல் கோட்பாடு எதுவும் இவருக்குத் தெரியாது என்றும், ஆனால் நினைவாற்றலால் முழுக் கணக்கையும் மனத்திலும் தரையிலும் தெளிவாக ஒழுங்குபடுத்திக்கொண்டார் என்றும் வாரன் எழுதினார். சேஷையா சோழிகளை வைத்து 1825 மே 31 இரவுக்கும் ஜூன் 1 காலைக்கும் இடையே நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடம் பிழைபட்டது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் எதிர்த்திசையில் பிழைபட்டன.

இரு கணக்குகளின் ஒப்பீடு

1765ஆம் ஆண்டுக் கணக்கு மட்டும் தனியே எடுத்துக்காட்டப்பட்டு, தமிழ்க் கணிதர்கள் ஐரோப்பியரை விஞ்சினர் என்று சொல்லப்படுவதுண்டு. அந்த 41 வினாடி, கிரகணம் நீடித்த நேரத்தின் பிழை மட்டுமே. அது தொடங்கிய நேரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1825ஆம் ஆண்டுக் கணக்கில் நீடித்த நேரத்தின் பிழையே 56 நிமிடம். ஒரே ஊரில் வழங்கிய ஒரே மரபின் இரு முடிவுகள் இவை. ஒன்றை மட்டும் வைத்து மரபு முழுவதையும் புகழ்வதோ இகழ்வதோ பொருந்தாது.

மிகை மதிப்பீடு அன்றே தொடங்கிவிட்டது. லெ ஜான்டி கொண்டுசென்ற செய்திகளையும் வேறு இந்திய அட்டவணைகளையும் ஆராய்ந்த பாரிஸ் வானியலாளர் ஜான் சில்வான் பாயி, கலியுகத் தொடக்கமான கி.மு. 3102இல் இந்தியர் வானை நேரில் நோக்கி அளந்திருந்தனர் என்று 1787இல் வாதிட்டார். லாப்லாஸ் அதை மறுத்தார். அந்தத் தொடக்கநிலை பிற்காலத்தில் பின்னோக்கிக் கணித்து அமைக்கப்பட்டது என்பதே பின்னர் ஏற்கப்பட்ட கருத்து.

மரபின் வேர்கள்

வாரனின் பதிவு நூற்றாண்டுக்கு மேல் பெரிதும் கவனிக்கப்படாமல் இருந்தது. பண்டைய பாபிலோனியக் களிமண் பலகைகளை ஆராய்ந்த ஓட்டோ நாய்கெபாவர் அதைப் படித்தபோது, பழக்கமான எண்களை அங்கே கண்டார். 248 நாள் சுற்று கிறித்துவுக்கு முற்பட்ட பாபிலோனியப் பலகைகளில் இருந்தது. கிரேக்க மொழிப் பாப்பிரசுகளிலும், 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த 'பஞ்சசித்தாந்திகா'விலும் இருந்தது. 1952இல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பில் அவர் கட்டுரை வெளியிட்டார். கிரகணக் கணக்கின் துல்லியத்தைவிட, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைய முறை 1825இல் ஒரு மனிதரின் நினைவில் உயிரோடு இருந்ததே முக்கியம் என்று அவர் கருதினார். 1962இல் தி. சு. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 'வாக்கியகரண'த்தைச் சென்னையில் பதிப்பித்தனர். அதன்பின் வாரன் எழுதியவற்றை மூலநூலுடன் ஒப்பிடுவது எளிதாயிற்று.

திருக்கணிதம்

வாக்கியங்கள் மாறாதவை. சிறு பிழைகள் நூற்றாண்டுகளில் சேர்ந்து பெரிதாகும்போது அவற்றைத் திருத்த, வானைப் பார்த்து அளப்பவர் தேவை. சேஷையாவைப் போன்ற கணிதர்களுக்கு முறை தெரிந்திருந்தது; அதைத் திருத்தும் வழி அவர்களிடம் வந்துசேரவில்லை. அந்தப் பணியை அடுத்த தலைமுறையில் சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி மேற்கொண்டார். 1868இல் வனபர்த்தியிலும், 1871 டிசம்பர் 12 அன்று அவினாசியிலும் முழுச் சூரிய கிரகணங்களை நோக்கிய அவர், புதிய வானியல் அளவுகளின்படி திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். இதனால் தமிழகத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்க வழக்குகள் நிலைபெற்றன.

இன்றும் கோயில்கள் பலவற்றில் வாக்கியப் பஞ்சாங்கமே பின்பற்றப்படுகிறது. ஆனால் கிரகண நேரங்களுக்கு மட்டும் வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவும் திருக்கணித முறையையே கையாளுகின்றன. எல்லோரும் கண்ணால் சரிபார்க்கும் இடத்தில் மரபு தன்னைத் திருத்திக்கொண்டது. 2028 டிசம்பர் 31 இரவு புதுச்சேரியில் தெரியவிருக்கும் முழுச் சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணிக்கச் சோழி தேவைப்படாது. ஆனால் அதைக் கணினி இல்லாமல், ஏடும் இல்லாமல் கணிக்க முடிந்தவர்கள் அவ்வூரில் வாழ்ந்தனர் என்பதற்கு லெ ஜான்டியின் நூலும் வாரனின் நூலும் சான்றாக உள்ளன.