ஈழத்தின் ஆதி மனிதனும் எமது கள ஆய்வும்

இலங்கை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் விசயன் வருகையையே தொடக்கமாகக் கொள்வர். ஆயின், ஏடுகள் எழுதப்படுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவில் மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு மண்ணே சான்று பகர்கின்றது.

எமது நற்பிட்டிமுனையைச் சூழ்ந்த கல்முனைப் பகுதி வயல்களை வளம்படுத்தும் கல்லோயாவை எம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றனர். அதன் மேற்பள்ளத்தாக்கிலுள்ள நில்கலக் குகையில் 1907 ஆம் ஆண்டிலே, சுவிற்சர்லாந்து அறிஞர்களும் உறவினர்களுமான சரசின் இருவர் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். அவை வேடர்தம் மூதாதையர்க்குரியவை என அவர்கள் கருதினர். பின்னர் போல் தெரணியகல சபரகமுவக் குகைகளில் மேற்கொண்ட அகழ்வுகளால் 'பலாங்கொடை மனிதன்' உலகறியப்பட்டான். அவருடைய மைந்தர் சிரான் தெரணியகல, படதொம்பலென முதலிய இடங்களிற் கிடைத்த நுண்கற்கருவிகள் முப்பதினாயிரம் ஆண்டளவு பழைமையானவை என நிறுவினார். ஐரோப்பாவில் அத்தகைய கருவிகள் பனியூழியின் இறுதியிலேயே பெருகின என்பதை நோக்க, இதன் சிறப்பு விளங்கும். சீன யாத்திரிகர் பாகியானின் பெயர் தாங்கிய குகையிற் கிடைத்த எலும்பு அம்புமுனைகள் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2020 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. குரங்கையும் அணிலையும் வேட்டையாடி மழைக்காட்டில் வாழ்ந்த மக்கள் அவர்கள்.

இவ்வுண்மைகள் விரிவுரை மண்டபத்தில் தோன்றியவை அல்ல. நிலத்தைச் சதுரங்களாக வகுத்து, படைபடையாக அகழ்ந்து, மண்ணை அரித்து, ஒவ்வொரு கரித்துண்டும் கிடந்த ஆழத்தைக் குறித்தவர்களின் உழைப்பே அவற்றை ஈந்தது. தான் கிடந்த படையினின்று பிரித்தெடுக்கப்பட்ட எலும்பு தன் காலத்தை இழந்துவிடுகின்றது. புதையல் தேடித் தோண்டுவோர் அழிப்பது இதனையே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் 1980 இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் ஆனைக்கோட்டையில் ஆற்றிய பணி, எமது பல்கலைக்கழகங்களாலும் இது இயலும் என்பதைக் காட்டிற்று. கலைப்பீட மாணவர்க்கு விடுமுறைக் காலக் களப்பயிற்சி கட்டாயமாதல் வேண்டும்.

இந்நாட்டிலே முதலில் வந்தவர் யார் என்னும் பூசலில் எத்தனை உயிர்கள் மடிந்தன! தமிழர், முசுலிம்கள், சிங்களவர் எவரும் தத்தம் பெயரைப் பெறுமுன்னரே நில்கலவில் ஒருவன் படிகக்கல்லைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவன் எம்மொழி பேசினான் என்பதை எக்கல்லும் கூறவில்லை. அவனை உரிமை கொண்டாடுவதினும் அறிந்துகொள்வதே வரலாற்று மாணவரின் கடன்.