ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் வியூஃபைண்டர் உருப்பெருக்கம்

வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவைக் காட்டிலும் ஒரு பொருள் வியூஃபைண்டருக்குள் எத்தனை மடங்காகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் எண்ணே உருப்பெருக்கம். 1 என்றால் அதே அளவு. 0.72 என்றால் முக்காலுக்குச் சற்றுக் குறைவு. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால், லென்ஸை மாற்றினால் காட்சியும் மாறிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்ப்பதற்குத் தனி ஜன்னல் உண்டு, லென்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 28 மி.மீ. மாட்டினாலும் 90 மி.மீ. மாட்டினாலும் கண்ணுக்குத் தெரியும் காட்சி ஒன்றுதான். அதற்குள் ஒளிரும் சட்டக்கோடு மட்டும் விரியும், சுருங்கும். ஆகவே கேமராவைச் செய்யும்போதே தீர்மானமாகிவிடும் இந்த ஓர் எண், அதை வைத்திருப்பவர் காலமெல்லாம் எப்படிப் படமெடுப்பார் என்பதையும் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

இயங்கும் விதம்

கேமராவின் முகப்பில் சற்று இடைவெளி விட்டு இரண்டு ஜன்னல்கள் இருக்கும். இரண்டாவது ஜன்னலில் விழும் பிம்பம் கண்ணாடிகள் வழியே திருப்பப்பட்டு, வியூஃபைண்டரின் நடுவில் ஒரு சிறு பிரகாசமான கட்டமாக வந்து விழுகிறது. லென்ஸைத் திருகத் திருக அந்தப் பிம்பம் பக்கவாட்டில் நகரும். இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி.

பக்கவாட்டில் என்பதைக் கவனிக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கள்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கூரை வீட்டுத் திண்ணையில் இருப்பவரைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். கூரையின் கிடைமட்ட விளிம்பில் கட்டத்தை வைத்தால் எதுவும் தெரியாது. பிம்பம் விளிம்போடு விளிம்பாகவே வழுக்கிக்கொண்டு போகும். மலைமுகட்டுக் கோட்டிலும் அதே கதை. வாசற்கால், மூங்கில் கழி, மரவள்ளித் தண்டு என்று செங்குத்தாக ஏதாவது ஒன்று வேண்டும். முகம் என்றால் மூக்கின் ஓரமோ கண்ணின் ஒளிப்புள்ளியோ பிடித்துக்கொள்ளலாம். எதுவும் கிடைக்காவிட்டால் கேமராவையே நிமிர்த்திப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டுத் திரும்பப் படுக்கவைக்க வேண்டியதுதான்.

இதன் துல்லியம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரம், உருப்பெருக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவதைப் பயனுறு அடித்தளம் என்பார்கள். 69.25 மி.மீ. இடைவெளியும் 0.72 உருப்பெருக்கமும் கொண்ட கேமராவுக்கு அது 49.9 மி.மீ.; அதே இடைவெளியில் 0.85 என்றால் 58.9, 0.58 என்றால் 40.2. எண் கூடக்கூட பெரிய துளை லென்ஸையும் நீள லென்ஸையும் நம்பிப் பயன்படுத்தலாம். ஆனால் காட்சி பெரிதாகும்போது ஜன்னலுக்குள் அடங்கும் பரப்பு குறையும், அகல லென்ஸுக்கான சட்டக்கோடு ஓரத்துக்கு ஓடிவிடும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களால் கண்ணை ஜன்னலோடு ஒட்டவைக்க முடியாது. அவர்களுக்கு அந்தக் கோடு கண்ணிலேயே படாமல் போகலாம். மூன்று தேவைகளையும் ஒரே எண் நிறைவேற்றியதாக இந்தக் கேமராக்களின் வரலாற்றில் இல்லை.

ஃபிலிம் காலம்

ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் தூரத்தைக் கண்மதிப்பாகவோ, தனியாக மேலே செருகிய கருவியாலோதான் கணிக்க வேண்டியிருந்தது. 1932-இல் லைக்கா II லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டருடன் வந்தது. அடுத்த ஆண்டு வந்த லைக்கா III-இல் ஃபோகஸ் பார்க்கும் துளைக்கு மட்டும் 1.5 மடங்கு உருப்பெருக்கம் கொடுத்தார்கள். சட்டகத்துக்கு வேறொரு ஜன்னல், அதில் காட்சி சிறுத்துத் தெரியும். ஒரு துளையில் ஃபோகஸ் பார்த்து, கண்ணை அடுத்ததற்கு நகர்த்திச் சட்டகம் பார்த்து, அதன்பிறகு கிளிக். இரண்டையும் ஒரே ஜன்னலில் சேர்த்தவர்கள் போட்டிக்காரர்கள்: 1936-இன் காண்டாக்ஸ் II.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஒன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் 1932-இல் மார்செய் நகரில் வாங்கியது இந்த ஆரம்பகால லைக்காவைத்தான். கள்ளக்குறிச்சிக்கு வடக்கே அடுத்த மாவட்டமான திருவண்ணாமலைக்கு அவர் 1950 ஏப்ரலில் வந்திருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவரைப் படமெடுத்தார்; ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு மகரிஷி மறைந்தபோது வானில் ஒரு நட்சத்திரம் ஊர்ந்து போனதைத் தாம் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அதே மாதக் கடைசியில் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். பல்லாண்டுகளாகக் கேமராவுக்கு இடம் தராத அரவிந்தர் அந்த டிசம்பரில் மறைந்தார். இரண்டு துளையையும் ஒன்றாக்கிய லைக்கா எம்3 அப்போது இன்னும் பிறக்கவில்லை. அன்றைய ரேஞ்ச்ஃபைண்டர் லைக்காக்கள் எல்லாமே இரண்டு துளை உள்ளவைதான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் கால லைக்காவின் ஜன்னல் இடைவெளி சுமார் 39 மி.மீ.தான். 1.5-ஆல் பெருக்கினால் பயனுறு அடித்தளம் சுமார் 58 மி.மீ. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து 0.68 உருப்பெருக்கத்தோடு வந்த டிஜிட்டல் லைக்காவுக்கு 47.1. பார்ப்பதற்கு வசதி கூடியது, அளப்பதில் பழையதுதான் முந்தி நிற்கிறது. விளம்பரங்களில் இந்த ஒப்பீட்டைத் தேடிப் பயனில்லை.

1954-இல் வந்த எம்3 இரண்டையும் ஒரே ஜன்னலில் சேர்த்து, உருப்பெருக்கத்தை 0.91 என்று வைத்தது. ஏறத்தாழ கண்ணளவு. வலக்கண்ணால் பார்ப்பவர் இடக்கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம். வெட்டவெளியில் சட்டக்கோடு தானாக மிதப்பதுபோல் இருக்கும், அதற்குள் நுழையப்போகும் ஆள் முன்கூட்டியே தெரிவார். பயனுறு அடித்தளம் 62 மி.மீ.க்கு மேல். ஆனால் சட்டக்கோடு 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு மட்டும். 35 மி.மீ. லென்ஸ் விரும்பியவர்களுக்காக அடுத்து எம்2-ஐ 0.72-இல் கொண்டுவந்தார்கள். பிந்தைய எம்4, எம்6 எல்லாம் அந்த 0.72-ஐயே பிடித்துக்கொண்டன. ஜப்பானில் கேனன் பி 1959-இல் முழு 1 மடங்கோடு வந்தது. அதே ஆண்டு நிக்கான் எஃப் வெளியாகி, செய்திப் புகைப்படக்காரர்கள் கூட்டம் கூட்டமாக எஸ்.எல்.ஆருக்கு மாறினார்கள்.

தமிழகத்தில் ரேஞ்ச்ஃபைண்டர் எப்போதுமே சிறுபான்மைதான். கல்யாண ஸ்டுடியோக்களில் இரட்டை லென்ஸ் ரோல் ஃபிலிம் கேமரா, வீட்டில் இருந்தால் ஆக்ஃபா கிளிக் III. கிளிக்கில் ஃபோகஸே கிடையாது, ஆகவே உருப்பெருக்கம் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

ஃபிலிம் காலத்தின் கடைசிப் பத்தாண்டில்தான் வாங்குபவர் கையில் தேர்வு வந்தது. 1998-இல் 0.85 கிடைத்தது, 2000-இல் எம்6 டிடிஎல் 0.58-இலும் வந்தது. நீள லென்ஸ்காரருக்கு 0.85, மூக்குக்கண்ணாடி போட்டு 28 மி.மீ.யில் எடுப்பவருக்கு 0.58, மற்றவர்களுக்கு 0.72. நேர்மையான ஏற்பாடு. அது நீடித்திருக்க வேண்டும்.

டிஜிட்டல் காலம்

முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரைக் கொண்டுவந்தது லைக்கா அல்ல, பிரிண்டருக்குப் பெயர்போன எப்சன். 2004-இல் வெளியான ஆர்-டி1-இன் உடல் கொசினா தயாரிப்பு. 61 லட்சம் பிக்சல். ஷட்டரைத் தயார்செய்ய ஃபிலிம் நகர்த்துவது போன்ற நெம்புகோல். வியூஃபைண்டர் முழு 1 மடங்கு. இரு கண்ணும் திறந்து பார்க்கும் சுகத்துக்காகவே இன்றும் அதைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் ஜன்னல் இடைவெளி 38 மி.மீ. சொச்சம்தான். சட்டக்கோடும் 28, 35, 50 மி.மீ.க்கு மேல் போகவில்லை.

லைக்கா எம்8 2006-இல் வந்தது. அதன் சென்சார் 27×18 மி.மீ.; படம் 1.33 மடங்கு வெட்டப்படும். அகலக் காட்சி வேண்டுமானால் 24 மி.மீ. லென்ஸ் தேவை, அதற்கான கோடும் ஜன்னலுக்குள் அடங்க வேண்டும். உருப்பெருக்கம் 0.68-ஆக இறங்கியது. 2009-இல் எம்9 முழுச்சட்ட சென்சாரோடு வந்தபோது 24-க்கான தேவை போய்விட்டது, 0.68 மட்டும் போகவில்லை. எம் 240-லும் அதுவே. 2017-இல் எம்10-தான் 0.73-க்கு ஏறியது. 2022-இன் எம்11-ம் அப்படியே. 0.58, 0.85 என்ற தேர்வுகள் டிஜிட்டலில் ஒருநாளும் வரவில்லை. அதற்குப் பதிலாக, கண்வைக்கும் இடத்தில் திருகிக்கொள்ளும் 1.25, 1.4 மடங்கு உருப்பெருக்கிகளைத் தனியாக விற்றார்கள். 0.68-இன்மேல் 1.25 திருகினால் பழைய 0.85 வந்துவிடும். காட்சி சற்று மங்கும், 28 மி.மீ. கோடு மறைந்துவிடும், லென்ஸ் மாற்றும்போதெல்லாம் அந்தச் சிறு வளையத்தைத் தேடிச் சட்டைப்பை துழாவ வேண்டும்.

உருப்பெருக்கம் மிகவும் தேவைப்பட்ட காலத்தில்தான் அது குறைந்தது என்பது வேடிக்கை. ஃபிலிமில் எடுத்து அஞ்சலட்டை அளவுக்கு அச்சிட்டவரைக்கும் இரண்டு விரற்கடை ஃபோகஸ் பிசகு யாருக்கும் தெரியாது. திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பது வந்தபின் இமையில் ஃபோகஸா, காதிலா என்று பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. எம்9-இல் 1.8 கோடியாக இருந்த பிக்சல் எம்11-இல் 6 கோடி. லென்ஸின் பின்புறத்தில் உரசி நகரும் ஒரு சிறு உருளைதான் இந்தத் துல்லியம் முழுவதையும் தாங்குகிறது. கோமுகி அணையைத் தாண்டிக் கரியாலூருக்கு ஏறும் வளைவுகளில் பைக்கின் முன்பையில் கிடந்து குலுங்கினால் அது நகர்ந்துவிடக்கூடும். தொலைவிலுள்ள மின்கம்பம் இரண்டாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சட்டக்கோட்டுக்கும் இதே பிரச்சினை. லென்ஸை அருகில் ஃபோகஸ் செய்யும்போது அது பார்க்கும் கோணம் சுருங்கும், தொலைவில் விரியும். கோட்டின் அளவோ ஒன்றுதான். எம்8-இன் கோடுகள் மிக அருகிலுள்ள பொருளுக்கு ஏற்ப அமைந்தவை. கள்வராயன் மலையின் மேகம் அருவியைக் கோட்டுக்குள் கச்சிதமாக அடக்கி எடுத்தால், படத்தில் நாலாபுறமும் வேண்டாத பாறையும் புதரும் சேர்ந்துகொள்ளும். புகார்கள் வந்தபின் 2008-இன் எம்8.2-இல் கோடுகளை 2 மீட்டர் தூரத்துக்கு மாற்றினார்கள். மலையிலும் திருவிழாவிலும் எடுப்பவர்களுக்கு இந்த மாற்றம் உருப்பெருக்க எண்ணைவிட அதிகம் உதவியது.

கூட்டத்திலும் இருட்டிலும்

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் உள்ள கூவாகம், சித்திரைப் பௌர்ணமியில் கேமராக்கள் குவியும் ஊர். கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும் இரவில் வெளிச்சம் குறைவு, நெரிசல் அதிகம். ரேஞ்ச்ஃபைண்டரின் குணமும் குறையும் அங்கே ஒன்றாகத் தெரியும். கற்பூரம் எரிந்தால் கட்டத்துக்குள் இரண்டு சுடர் தெரியும். லென்ஸைத் திருகினால் இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிடும். தானியங்கி ஃபோகஸ் தடுமாறும் இருட்டில் இது கண நேர வேலை. கிளிக் செய்யும் நொடியிலும் காட்சி மறைவதில்லை. ஆனால் டியூப்லைட்டோ வீடியோக்காரரின் விளக்கோ ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஜன்னலில் பட்டால் கட்டம் வெளுத்து எதுவும் தெரியாமல் போய்விடும். எம்6-இன் பெயர்போன இந்தக் குறையை 2003-இன் எம்பி மாடலில் சரிசெய்தார்கள். மற்றபடி, சின்ன கேமரா என்பதால் கேட்காமல் எடுத்துவிடலாம் என்று ரேஞ்ச்ஃபைண்டரைப் புகழ்பவர்கள் உண்டு. கூவாகத்தில் கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

மாற்று வழிகள்

ஃபுஜிஃபிலிம் 2012-இல் எக்ஸ்-ப்ரோ1-இல் வேறொரு விடை கண்டது. ஒரே ஜன்னலில் 0.37, 0.6 என்று இரண்டு உருப்பெருக்கம், லென்ஸுக்கேற்ப மாறிக்கொள்ளும். இயந்திர ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத கேமரா அது என்றாலும், லைக்கா செய்யாததை அது செய்தது. 2019-இன் எக்ஸ்-ப்ரோ3-இல் அதையும் கைவிட்டு 0.52 என்ற ஒரே எண்ணுக்கு வந்துவிட்டார்கள். பிரான்ஸின் பிக்ஸி 0.67 உருப்பெருக்கத்தோடு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் செய்கிறது.

2025 அக்டோபரில் லைக்கா எம் இவி1 வெளியானது. எம் வரிசையின் உடலும் லென்ஸ் இணைப்பும் அப்படியே இருக்க, ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்துவிட்டு மின்னணு வியூஃபைண்டர் வைத்திருக்கிறார்கள். அதன் உருப்பெருக்கம் 0.76 என்று குறிப்பிடப்படுகிறது. மின்னணு வியூஃபைண்டர்களுக்கு இந்த எண்ணை 50 மி.மீ. லென்ஸ் மாட்டியே கணக்கிடுவது வழக்கம்; லென்ஸ் மாறினால் எண்ணும் மாறும். எம்11-இன் 0.73-ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பதில் பொருளில்லை.