பேய் என்னும் சொல்

பேய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலர்க்கு உள்ளம் நடுங்குகின்றது. அந்நடுக்கமே அச்சொல்லின் பிறப்பிடமாகும். தொல்காப்பியர் உரியியலில், 'பே' என்னும் உரிச்சொல் அச்சப்பொருள் தரும் என்று வகுத்தார். அதனடியாகவே பேய் என்னும் பெயர் பிறந்ததெனத் தமிழறிஞர் கொள்வர். ஆகவே, அஞ்சத்தக்கது என்பதே இப்பெயரின் பொருளாம்.

இப்பெயரைத் தாமே விரும்பி ஏற்றார் ஒருவர். காரைக்காலிற் புனிதவதியாராய்த் தோன்றிய அம்மையார், மாங்கனி அற்புதங் கண்ட கணவன் பரமதத்தன் அஞ்சி அகன்றபின், அவன்பொருட்டுத் தாங்கிய தசையை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார். தம் பாடல்களிலும் தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே குறித்தார். கண்டோர் அஞ்சி ஓடினர். கயிலைக்குத் தலையால் நடந்து சென்ற அவரை, தாயிலியாகிய பெருமானோ 'அம்மையே' என்றழைத்தான். உலகம் அஞ்சிய வடிவத்தை இறைவன் அன்னையாகக் கண்டான் என்று சேக்கிழார் பெருமான் நமக்குக் காட்டுகின்றார்.

இதனை அறிந்த நாம், உள்ளம் நொந்து பிதற்றும் ஒரு பெண்ணைப் 'பேய் பிடித்தவள்' என்று கட்டிவைத்து அடித்தல் தகுமோ? அஃது அவள் நோயன்று. நம் அச்சமே நம்மைப் பிடித்த பேயாம். அவளை அன்பாற் பேணி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே சிவத்தொண்டு. திருவாலங்காட்டில் ஆடும் பெருமான் திருவடிக்கீழ் அமர்ந்த அம்மையாரை வணங்கி, அச்சம் நீங்கி, அன்பு பெருக வாழ்வோமாக!