இறுதி யூனிட்டின் விலை: சங்கரன்கோவில் விசைத்தறியும் கட்டணமில்லா மின்சாரமும்

சங்கரன்கோவிலில் கூலிக்கு நெய்யும் சிறு விசைத்தறிக் குடும்பம் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா, தறி வைத்திருப்பது இலாபமா நட்டமா என்பதன்று. இன்னும் ஒரு மணிநேரம் ஓட்டலாமா என்பதே. அந்த ஒரு மணிநேரத்தின் கூலி, மின்செலவு, உடல் அலுப்பு ஆகியவையே அப்போது ஒப்பிடப்படுகின்றன. தறி வாங்கிய கடன் அக்கணக்கில் நுழைவதில்லை. ஓட்டினாலும் நிறுத்தினாலும் கடன் கடன்தான்.

இதனையே பொருளியல் இறுதிநிலைச் சிந்தனை என்கிறது. ஜெவன்ஸும் மெங்கரும் 1871இலும், வால்ராஸ் 1874இலும் தனித்தனியே இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தனர். உழைப்பின் துன்பம் அதன் பயனுக்கு ஈடாகும் இடத்தில் உழைப்பு நிற்கும் என்றார் ஜெவன்ஸ். கூலியாள் வைக்காத உழவர் குடும்பத்தை ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் சயானோவ், 1925இல் வெளிவந்த தம் நூலில் இக்கருத்தைக் குடும்ப உழைப்புக்குப் பொருத்தினார். வீட்டார் தார் சுற்றுவதற்குத் தனிக்கூலி இல்லாத நெசவுக் குடும்பத்துக்குச் சயானோவே நெருக்கமானவர்.

விசைத்தறியாளர்க்கு இரு மாதங்களுக்கு 500 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கியது. வரம்பு 2016இல் 750 ஆகவும், 2023இல் 1000 ஆகவும் உயர்ந்தது. இவ்வுயர்வு பொதுவாக எல்லார்க்குமான ஒரே சலுகையாகவே பேசப்படுகிறது. இறுதிநிலைக் கணக்கு வேறு படத்தைக் காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 600 யூனிட் செலவிடும் குடும்பத்துக்கு 2023ஆம் ஆண்டு வரம்பு உயர்வால் எதுவும் மாறவில்லை. 900 யூனிட் செலவிடும் குடும்பத்துக்கு அடுத்த யூனிட்டின் விலையே சுழியமாகிறது. இரவில் கூடுதலாக ஒரு மணிநேரம் தறி ஓட்ட அது இடந்தருகிறது. 1400 யூனிட் செலவிடும் குடும்பத்துக்கோ கட்டணத் தொகை குறைகிறது; ஆயினும் வரம்பு உயர்வு மட்டும் 1401ஆம் யூனிட்டின் விலையைத் தொடுவதில்லை. கையில் பணம் மிஞ்சும். தறியோட்டும் நேரம் கூடவேண்டும் என்பதில்லை. வரம்புக்கு மேற்பட்ட பயன்பாட்டின் கட்டணத்திலும் 2023இல் குறைப்புச் செய்யப்பட்டமையை இவ்வகையில் தனியே மதிப்பிட வேண்டும்.

பாவும் நூலும் தருபவர் வேறொருவராக இருப்பதால், மின்விலை சுழியமான நிலையிலும் தறி நிற்கக்கூடும். ஆகவே ஆய்வாளர் அரசாணைகளோடு நிறைவடைதல் போதாது. வீட்டு மின்கணக்கீட்டு அட்டைகளில் இரு மாதங்களுக்கு ஒருமுறை பதிவாகும் அளவுகள் 500, 750, 1000 ஆகிய எல்லைகளை ஒட்டித் திரள்கின்றனவா என்பதை நூல் வரத்தோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.