பழைய நிலப்படச் சேகரிப்பு: பரங்கிமலை முதல் குரோம்பேட்டை வரை

பழைய நிலப்படங்கள், பூகோள உருண்டைகள், நில அளவைக் கருவிகள், பயண வழிகாட்டிகள் ஆகியவற்றைத் தேடி வாங்கிப் பாதுகாக்கும் வழக்கம் சென்னையில் ஏலக்கூடங்கள், பழைய புத்தகக் கடைகள், வாரச் சந்தைகள் வழியாக வளர்ந்தது. இந்த வரலாற்றில் நகரின் தென்புறத்துக்குத் தனி இடம் உண்டு. இந்தியாவை அளக்கும் பெரும் முக்கோண நில அளவை 1802-இல் பரங்கிமலை அருகே தொடங்கியது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின், அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே உள்ள குரோம்பேட்டையில் டிடி மேப்ஸ் நிறுவனம் பொதுமக்களுக்கான நிலப்படங்களை வெளியிட்டது. ஏலத்தில் பெருவிலை போகும் செப்புத்தகட்டு அச்சுப் படத்துக்கு இணையான வரலாற்று மதிப்பு, அந்த மலிவு விலை வழிகாட்டிப் படங்களுக்கும் உண்டு.

தொடக்ககால நிலப்படங்கள்

சென்னையைக் காட்டும் பழைய படங்களில் புகழ்பெற்றது, ஆளுநர் தாமஸ் பிட் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த நில அளவையை ஒட்டி உருவானது. கோட்டையும் இந்தியர் வாழ்ந்த கருப்பர் நகரமும் தோட்டங்களும் அதில் வரையப்பட்டுள்ளன. ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழைய சென்னை வரலாறு, இத்தகைய படங்களை ஆய்வாளர்களிடம் கொண்டு சேர்த்தது.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றி 1749-இல் திருப்பித் தந்தனர். இந்தப் போர்களால் ஐரோப்பாவில் சோழமண்டலக் கரையின் படங்களுக்குத் தேவை கூடியது. பிரெஞ்சுக் கடற்படையின் நிலப்பட வல்லுநர் ழாக் நிக்கோலா பெலான் 1764-இல் வெளியிட்ட சிறிய கடல் அட்லஸில் சென்னையின் படமும் இடம்பெற்றது. அட்லஸிலிருந்து பிரித்தெடுத்த அந்தத் தாள்கள் இன்றும் பன்னாட்டுச் சந்தையில் விற்பனைக்கு வருகின்றன. கோட்டைக்கு வடக்கே, இன்றைய உயர்நீதிமன்றம் நிற்கும் பகுதியில் இருந்த பழைய கருப்பர் நகரம் பின்னர் இடித்து அகற்றப்பட்டது. அதன் தெருக்களை அறிய இன்று இத்தகைய படங்களே துணை.

பரங்கிமலை அளவை

மைக்கேல் டாப்பிங் 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி, சுமார் ஏழரை மைல் தொலைவு அளக்கப்பட்டது. அந்தக் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டியே தென்னிந்தியா முழுவதும் அளக்கப்பட்டது.

லாம்டன் பயன்படுத்திய அரை டன் எடையுள்ள கோணமானி லண்டனில் வில்லியம் கேரி செய்தது. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. லாம்டன் பல வாரம் உழைத்து அதைச் சீர்செய்தார். வில்லியமும் அவருடைய சகோதரர் ஜான் கேரியும் சேர்ந்து வெளியிட்ட பூகோள உருண்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் விரும்பி ஏலம் எடுக்கின்றனர்.

இந்த அளவையின் பயனாக, ஒரு அங்குலத்துக்கு 4 மைல் என்ற அளவில் இந்திய அட்லஸின் தாள்கள் 1827 முதல் லண்டனில் வெளிவந்தன. சென்னையிலேயே ஃபாரோ கம்பெனி 1854-இல் தென்னிந்திய அட்லஸ் ஒன்றை வெளியிட்டது.

சேகரிப்பின் தொடக்கம்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளோடு மேலைநாட்டு நூல்களையும் நிலப்படங்களையும் சேர்த்தார். இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக 1815-இல் பொறுப்பேற்ற காலின் மெக்கன்சி, படங்கள், சுவடிகள், கல்வெட்டுப் படிகள், நாணயங்கள் எனப் பெரும் தொகுப்பை உருவாக்கினார். 1821-இல் அவர் இறந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி அதை 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதன் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது.

எளிய மக்களின் சேகரிப்புக்கு மூர் மார்க்கெட் களமாக இருந்தது. 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில் பழைய புத்தகம், அட்லஸ், நாணயம், கடிகாரம் என எல்லாம் கிடைத்தன. 1985 மே 30 அன்று அது தீக்கிரையானது. குரோம்பேட்டைக்கு அடுத்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. இரும்புச் சாமான், மரச்சாமான், செடி, பறவை ஆகியவற்றுக்கு நடுவே பழைய பாத்திரங்களும் புத்தகங்களும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. நகரின் ஏல மரபுக்கு, 1920-களில் தோன்றிய மர்ரே அண்ட் கம்பெனி அடையாளமாக விளங்கியது. தாய்நாடு திரும்பிய வெளிநாட்டவரின் வீட்டுச் சாமான்களும் பழைய பங்களாக்களின் பொருள்களும் இத்தகைய ஏலங்களில் கைமாறின.

டிடி மேப்ஸ்

குரோம்பேட்டை என்ற பெயர், 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோல் தொழிலால் பெயர் பெற்ற அவ்வூரின் ஜி.எஸ்.டி. சாலையில், டி.டி.கே. குழுமத்தைச் சேர்ந்த டிடி மேப்ஸ் அண்ட் பப்ளிகேஷன்ஸ் இயங்கியது. கொழும்பில் டைம்ஸ் ஆஃப் சிலோன் இதழில் பணியாற்றிய எஸ். முத்தையா (1930–2019) 1968-இல் இந்தியா திரும்பி இந்நிறுவனத்தில் சேர்ந்தார். இங்கிருந்து நகர, மாநில வழிகாட்டிப் படங்கள் வெளிவந்தன. 1987-இல் இந்தியாவின் சமூக, பொருளாதார அட்லஸும் 1990-இல் இந்திய அட்லஸும் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக வெளியாயின. சென்னை வரலாற்றாசிரியராக முத்தையா பெற்ற புகழுக்கு, தெருத் தெருவாக நகரைப் படமாக்கிய இந்தப் பணியும் ஒரு அடித்தளம்.

இந்தப் பணியின் அருமை அக்காலக் கட்டுப்பாடுகளை நோக்கினால் விளங்கும். 1967-இல் வந்த விதிகளின்படி, கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் 80 கிலோமீட்டருக்குள் அடங்கும் இடங்களின் விரிவான நில அளவைத் தாள்களைப் பொதுமக்கள் எளிதில் வாங்க முடியாமல் இருந்தது. சென்னை முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்கியது. எனவே மக்கள் கைக்கு எட்டிய நகரப் படம் பெரும்பாலும் கடையில் வாங்கும் வழிகாட்டிப் படம்தான். 2005-இன் தேசிய நிலப்படக் கொள்கையும் 2021 பிப்ரவரியில் வந்த புதிய நெறிமுறைகளும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தின.

மெய்மை அறிதல்

செப்புத்தகட்டில் அச்சான படத்தில், தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் படத்தைச் சுற்றித் தெரியும். 18-ஆம் நூற்றாண்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பெரும்பாலும் கம்பிக் கோடுகளும் நீர்க்குறியும் புலப்படும். உருப்பெருக்கியில் பார்க்கும்போது வண்ணம் நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. பழைய பூகோள உருண்டைகளில், காகிதக் கூழும் சுண்ணச் சாந்தும் கொண்டு செய்த கோளத்தின் மேல், படகு வடிவில் அச்சிட்ட நீள்துண்டுகள், வழக்கமாக 12, ஒட்டப்பட்டிருக்கும். துண்டுகள் சேரும் இடமும் வார்னிஷின் பழுப்பும் அதன் வயதைச் சொல்லும். ஈரப்பதமும் செல்லரிப்பும் சென்னையில் பெரும் பகை. அமிலமற்ற உறையில் தட்டையாக வைப்பதும், நேர் வெயில் படாமல் காப்பதும், லேமினேட் செய்யாமல் இருப்பதும் முதன்மையான காப்பு முறைகள்.

சட்டம்

1972-இன் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் 1976 ஏப்ரல் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 100 ஆண்டு கடந்த பொருள்களும், வரலாற்று அல்லது அறிவியல் மதிப்புள்ள சுவடி, பதிவேடு, ஆவணங்களாயின் 75 ஆண்டு கடந்தவையும் தொல்பொருள் ஆகும். தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். மத்திய அரசும் அது அதிகாரம் அளித்த அமைப்புகளும் தவிர வேறு யாரும் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டு ஏலத்திலிருந்து இங்கே வாங்கி வரலாம். இங்கிருந்து அங்கே விற்க முடியாது.

இன்றைய நிலை

ஆய்வாளர் சூசன் கோல் 1976-இல் வெளியிட்ட நூல், இந்தியாவின் பழைய நிலப்படங்களை ஒரு துறையாக நிலைநிறுத்தியது. ஐதராபாத்தின் கலாக்ருதி ஆவணத் தொகுப்பு 2015-இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் தன் நிலப்படங்களைக் காட்சிக்கு வைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1507-ஆம் ஆண்டின் வால்ட்சீமுல்லர் உலகப் படத்துக்கு 1 கோடி டாலர் கொடுத்தது, இத்துறையின் விலை உச்சத்தைக் காட்டும்.

தென்சென்னைக்குத் தேவையான சேகரிப்பு வேறு வகையானது. பல்லாவரம் பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் சாலை இரண்டாகப் பிளந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளைச் சுற்றி வீடுகள் நெருங்கின. ஏரியின் பழைய எல்லையையும் வாய்க்கால் ஓடிய வழியையும் நிறுவ, கிராமப் படமும் புல வரைபடமும் 1970-களின் வழிகாட்டிப் படமும் சான்றாக உதவும். இத்தகைய எளிய தாள்களைச் சேர்ப்பதற்கு முன்மாதிரியாக, கோட்டையூர் ரோஜா முத்தையா அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் வரை சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின் அத்தொகுப்பைக் கொண்டு அமைந்த ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய நகரப் படங்களையும் மனைப் படங்களையும் இத்தகைய நூலகங்கள் படியெடுக்கத் தருவது, குரோம்பேட்டைவாசிகள் தம் ஊரின் வரலாற்றுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.