சாலைக் கம்போளத்தில் யாருக்கு வாக்கு?
திருவனந்தபுரத்தில் வணிகர் பிரதிநிதித்துவம் நடந்து வந்த பாதை

திருவனந்தபுரம் சாலைத் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வீடு நேமத்தில் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கான உரிமக் கட்டணத்தை அவர் மாநகராட்சிக்குக் கட்டுகிறார். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரியும் கட்டுகிறார். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வாக்கை மட்டும் நேமத்தில் போட வேண்டும். கடை வாசலில் சாக்கடை பெருக்கெடுத்தால் எந்த கவுன்சிலரிடம் முறையிடுவாரோ, அந்த கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. இந்திய நகரங்கள் எங்கும் இதுதான் நடைமுறை. ஆனால் திருவனந்தபுரத்தில் இந்த நடைமுறைக்குத் தனியான ஒரு முன்கதை உண்டு. வணிகர் என்ற அடையாளத்துக்காகவே ஒருவருக்கு அவையில் இடம் கிடைத்த காலம் இங்கே இருந்தது. அது எப்போது வந்தது, எப்போது போனது, அந்த இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

ஒப்பீட்டுக்காக முதலில் வெளியே ஒரு பார்வை. 1970-இல் கனடாவின் டொரண்டோ நகரத்தில் புளூர் மேற்குக் கிராமம் என்ற கடைவீதியின் வணிகர்கள் புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். பாதாள ரயில் வந்ததில் வீதியில் நடப்போர் குறைந்திருந்தனர். பேரங்காடிகள் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்தன. வீதி முழுவதற்கும் கூடுதல் வரி ஒன்றை நகரசபை வசூலிக்க வேண்டும், அந்தப் பணத்தை வீதிக்கே செலவிட வேண்டும், செலவை வீதி வணிகர்களின் வாரியம் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று இன்று உலகம் முழுவதும் பேசப்படுவதன் பிறப்பிடம் இதுவே. 1974-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் இதைப் பின்பற்றியது. 2003-இல் இங்கிலாந்து சட்டமியற்றி, 2005-இல் கிங்ஸ்டனில் தொடங்கியது. போன இடமெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே போனது: வாரியத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார்? கட்டட உரிமையாளரா, வாடகைக்குக் கடை நடத்துபவரா? ஒண்டாரியோவில் உறுப்பினர்கள் வாக்களித்து நகரசபை நியமிக்கிறது. நியூயார்க்கில் வாரியத்தின் பெரும்பான்மை சொத்து உரிமையாளர்களுக்கு; வாடகைதாரருக்கும் குடியிருப்போருக்கும் சில இடங்கள்; மேயர் முதலான நான்கு பதவியாளர்களுக்கும் ஆளுக்கொரு பிரதிநிதி. இங்கிலாந்தில் வட்டாரம் உருவாக வேண்டுமானால் தலை எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், சொத்து மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். பணத்தின் எடை ஒரு தட்டிலும் ஆளின் எண்ணிக்கை மறு தட்டிலுமாக நிறுத்துப் பார்த்தே எங்கும் தீர்வு கண்டிருக்கிறார்கள்.

கடைத்தெருவின் பொறுப்பைக் கடைத்தெருவிடமே கொடுப்பது மேற்கிலிருந்து வந்த யோசனை என்று வேணாட்டுக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் பொ.ஆ. 849 அளவிலானவை. சேரன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொடுத்த இந்த ஆவணத்தில், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் குழுக்களிடம் நகரத்தின் காவல் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. இங்கே ‘நகரம்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் என்றால் வேளாண்குடிகளின் சபை, சபை என்றால் பிராமணர் சபை, நகரம் என்றால் வணிகர் சபை. ஊரின் பெயரே சபையின் பெயராகவும் இருந்தது. ஆனால் ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விரித்துரைக்கும் குடவோலை முறை பிராமண சபையின் வாரியங்களுக்கானது. அதை எடுத்து வணிகர் நகரங்கள் எல்லாவற்றின் மீதும் போர்த்திப் பெருமை பேசுவது மேடைக்கு உதவும், ஆராய்ச்சிக்கு உதவாது.

சாலைக் கம்போளம் இந்தப் பழைய நகரங்களின் நேர் வாரிசு அல்ல. அது ஓர் அரசு உருவாக்கிய சந்தை. திருவிதாங்கூரின் திவான் ராஜா கேசவதாஸ், இன்றைய குமரி மாவட்டத்துக் குன்னத்தூரில் பிறந்த கேசவபிள்ளை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதை நிறுவினார். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளியாற்றையும் கரமனையாற்றையும் தாண்டிச் செல்லும் பாதையோரம் கடைகள் வந்தன. நாஞ்சில் நாட்டு நெல்லும் தெற்கத்திச் சரக்கும் இந்த வழியாகத்தான் தலைநகருக்குள் நுழைந்தன. செட்டியார்கள், வெள்ளாளர்கள், நாடார்கள், முஸ்லிம்கள், குஜராத்திகள் என்று பல திசையிலிருந்தும் வந்தவர்கள் கடை போட்டார்கள். ஆலப்புழைத் துறைமுகத்தையும் உருவாக்கியவர் அதே திவான்தான். வணிகத்தை வளர்ப்பது, வளர்ந்த வணிகத்திலிருந்து அரசுக்கு வருமானம் தேடுவது என்ற கணக்கில் வணிகருக்கு வசதி செய்து கொடுப்பது இருந்தது. வணிகரைக் கேட்டு நடப்பது இல்லை.

கேட்டு நடப்பதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அப்போதும் இரண்டு வேறு வழிகளில், ஒன்றையொன்று பார்க்காமல் அது வந்தது. முதல் வழி மேம்பாடு. 1894-இல் வந்த நகர மேம்பாட்டு, துப்புரவுச் சட்டத்தின்படி திருவனந்தபுரம், நாகர்கோவில், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் ஆகிய ஊர்களில் நகர மேம்பாட்டுக் குழுக்கள் ஏற்பட்டன. தெரு விளக்கு, குப்பை, சாக்கடை, சந்தை எல்லாம் அவற்றின் கவலை. தேர்தல் அவற்றின் அடிப்படை அல்ல. அரசின் நியமனமே அடிப்படை.

இரண்டாவது வழி பிரதிநிதித்துவம். 1888-இல் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் எட்டுப் பேர் கொண்ட சட்டசபையை ஏற்படுத்தினார். சுதேச சமஸ்தானங்களில் அதுவே முதல் சட்டசபை. ஆனால் வணிகருக்கு உண்மையில் கதவு திறந்தது 1904-இல், ஸ்ரீமூலம் பிரஜா சபையில்தான். அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று, இன்று அய்யன்காளி மண்டபம் என்று அழைக்கப்படும் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் சபை முதன்முறையாகக் கூடியது. நிலவுடைமையாளர், வணிகர் ஆகியோரின் பிரதிநிதிகளாக 85 பேர் வந்திருந்தார்கள். அவர்களைத் தெரிவு செய்தவர்கள் டிவிஷன் பேஷ்கார்கள், அதாவது வருவாய்த்துறையின் வட்டார அதிகாரிகள். மறு ஆண்டு மே 1-ஆம் தேதி விதி மாறியது. நூறு உறுப்பினர்களில் 77 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. மக்கள் என்றால் எல்லோருமா? ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுபவர், 2,000 ரூபாய்க்குக் குறையாத நிகர வருமானம் உள்ளவர், பட்டம் பெற்றுப் பத்தாண்டு ஆனவர்.

இந்த மூன்றில் நடுவிலுள்ள தகுதிதான் நமக்கு முக்கியம். நிலம் இல்லாத, கல்லாப்பெட்டி மட்டுமே உள்ள ஒரு சாலைக் கடைக்காரரை வாக்காளர் ஆக்கியது அதுதான். வருமானக் கணக்கு காட்ட முடிந்தால் வாக்கு உண்டு. அதே தெருவில் அவருடைய மூட்டையைச் சுமந்தவருக்கும், ஓரத்தில் கூடை வைத்துக் கீரை விற்றவளுக்கும் எதுவும் இல்லை. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளி பிரஜா சபைக்குள் வந்ததுகூட நியமனத்தின் வழியாகத்தான். தேர்தல் என்ற வாசலில் பணம் காவல் நின்ற காலம் அது. இந்தப் பாகுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் நூறாண்டுக்குப் பின் நடந்த தலைகீழ் மாற்றம் புரியும்.

இதன் பிறகு வேகமாகச் சொல்லிவிடலாம். 1921-இல் சட்டசபை ஐம்பது பேராக விரிந்தது. 28 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பொதுத் தொகுதிகள் தவிர வணிகம், தோட்டத்தொழில் முதலிய தனி நலன்களுக்கும் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. வணிகர் என்ற அடையாளம் உச்சத்தில் இருந்த காலம் இது. 1920-இல் திருவனந்தபுரம் முனிசிபாலிட்டி ஆனது, 1940 அக்டோபர் 30-இல் மாநகராட்சி ஆனது. 1948-இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற அடிப்படையில் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. வணிகரின் தனி வாக்கு அன்றோடு கரைந்தது. கரைந்தது நியாயமே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாக்கு வீட்டுக்குப் போய்விட்டதால் கடைத்தெருவுக்கு வாக்காளர் இல்லாமல் போனார்கள் என்பதும் உண்மை. பகலில் ஆயிரக்கணக்கானோர் பிழைக்கும் இடத்தில், வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் இரவில் அங்கே தூங்குகிறவர்கள் மட்டும்.

வெற்றிடத்தைச் சங்கங்கள் நிரப்பின. தெற்குக் கேரளத்தில் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டம் பதிவு பெற்ற சங்கங்களுக்கு ஆட்சிக்குழு வைத்துக்கொள்ள வழி கொடுத்தது. கேரள வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதி கடைத்தெரு அளவில் யூனிட், அதற்கு மேல் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம் என்று வளர்ந்தது. ஏகோபனம் என்றால் ஒருங்கிணைப்பு. பெயர் அப்படி இருந்தாலும் மார்க்சிஸ்ட் கட்சிச் சார்புள்ள வியாபாரி வியவசாயி சமிதி தனியே உண்டு. ஏகோபன சமிதியின் மாநிலத் தலைவராக 1991-இல் வந்த டி. நசிருத்தீன் 2022 பிப்ரவரியில் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். முப்பதாண்டு! உறுப்பினர்களின் நம்பிக்கை என்று இதைச் சொல்லலாம். போட்டியே இல்லாத தேர்தல் என்றும் சொல்லலாம். இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கக்கூடும். சங்கத்தின் பலம் கடையடைப்பில் தெரிந்தது. 2018 இறுதியில் ஹர்த்தால்களுக்கு இனிக் கடை அடைக்க மாட்டோம் என்று அவர்கள் அறிவித்தபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம், சந்தாவும் அவரவர் விருப்பம். டொரண்டோ வாரியத்துக்கு இருக்கும் வரிப்பணம் இதற்கு இல்லை. தெருவில் ஒரு விளக்குக் கம்பத்தை நட வேண்டுமென்றாலும் மாநகராட்சியிடம் மனு எழுத வேண்டும்.

சட்டப்பூர்வமான வாரியங்களும் இருந்தன. அவற்றில் விசித்திரமானது சுமட்டுத் தொழிலாளர் ஏற்பாடு. லாரியிலிருந்து மூட்டையை யார் இறக்குவது என்ற சண்டை கேரளச் சந்தைகளில் பழையது. வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கும் ‘நோக்குகூலி’ என்ற சொல் மலையாளத்தைத் தாண்டித் தமிழ்நாட்டு லாரிக்காரர்களுக்கும் மனப்பாடம். 2018 மே 1 முதல் அதற்குத் தடை. 1978-ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் சந்தைப் பகுதிகளுக்குக் குழுக்களை ஏற்படுத்தியது. தொழிலாளர், முதலாளி, அரசு ஆகிய மூன்று தரப்புக்கும் சமமான இடம். சாலைக் கடைக்காரர் தம் தெருவின் நிர்வாகத்தில் சட்டப்படி உட்கார முடிந்த மேசை இது. ஆனால் அங்கேயும் அவரை உட்கார வைப்பது அரசின் நியமனம். ஆ. மாதவன் நினைவுக்கு வருகிறார். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே தமிழில் எழுதி, 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய கடைத்தெருக் கதைகளில் முதலாளிகளைவிடச் சுமைகாரர்களும் தெருவோரத்து ஆட்களும்தான் நெஞ்சில் நிற்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்தவரின் பார்வை தெருவின் மேலேயே இருந்தது.

மேம்பாடு என்ற பெயருள்ள அமைப்புகள் 1894-இன் மரபை விடவில்லை. 1980-இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆணையமான ட்ரிடா வந்தது. அதன் ஆட்சிக்குழு நியமனம். 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் மூன்றாம் சுற்றுப் பட்டியலில் திருவனந்தபுரம் முதலிடம் பிடித்தது. அதை நடத்த மாநில அரசும் மாநகராட்சியும் பங்குதாரர்களாக ஒரு கம்பெனி அமைத்தன; இயக்குநர்களும் நியமனமே. சாலையும் பாளையமும் திட்டத்துக்குள் வந்தன. பாளையத்தின் பழைய கன்னிமாரா மார்க்கெட்டிலிருந்து கடைகள் தற்காலிகக் கட்டடத்துக்கு மாறின. இடையில் 2018-இல் மால் ஆஃப் திருவிதாங்கூரும், 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லுலு பேரங்காடியும் திறந்தன. டொரண்டோவில் 1970-இல் இருந்த அதே நெருக்கடிதான்; கூடி முடிவெடுக்கும் வாரியம்தான் இங்கே இல்லை.

தேர்தல் வேறொரு பக்கத்திலிருந்து கடைத்தெருவுக்குள் வந்தது. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அகமதாபாத்தில் 1972-இல் இளா பட் தொடங்கிய பெண் தொழிலாளர் சங்கமான சேவாவும் அதைப்போன்ற அமைப்புகளும் கால் நூற்றாண்டு போராடின. 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. மே 1 முதல் நடைமுறை. அதன் இருபத்திரண்டாம் பிரிவு நகர விற்பனைக் குழு என்ற ஒன்றைச் சொல்கிறது. தலைவர் மாநகராட்சியின் தலைமை அதிகாரி. உறுப்பினர்களில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் தெருவோர வியாபாரிகள்; அவர்களைத் தெருவோர வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே கூடாது, யாருக்குச் சான்றிதழ் என்பதிலெல்லாம் குழுவின் கருத்து வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

இந்தச் சட்டம் எழுத்தில் இருப்பதுபோலத் தெருவில் இல்லை என்பதை எல்லா நகரத்து வியாபாரிகளும் சொல்வார்கள். கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டால் வாக்கும் போயிற்று. யார் பட்டியல் எழுதுகிறாரோ அவரே பாதித் தேர்தலை முடித்துவிடுகிறார். 1905-இல் வருமானக் கணக்கு செய்த வேலையை இன்று பட்டியல் செய்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் கொள்கை அளவில் நடந்தது சிறிய விஷயமல்ல. கட்டட மதிப்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. பிழைக்கும் இடமே வாக்குரிமையின் அடிப்படை. பழவங்காடியிலோ காந்தி பூங்காவுக்கு எதிரிலோ கூடை வைத்திருப்பவள், வீடு எந்த வார்டில் இருந்தாலும், தொழில் செய்யும் நகரத்துக்கான குழுவுக்கு வாக்களிக்கலாம்.

சாலையில் நாளை ஒரு வணிக மேம்பாட்டு வட்டாரம் அமைப்பதானால் நியூயார்க் மாதிரியை அப்படியே கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். தலைமுறை தலைமுறையாக வாடகையில் நடக்கும் கடைகள் உள்ள தெருவில் சொத்து உரிமையாளருக்குப் பெரும்பான்மை கொடுத்தால், தெருவை நடத்துகிறவர்கள் வெளியே நிற்பார்கள். கடை ஒன்றுக்கு ஒரு வாக்கு, கடை நடத்துபவருக்கே வாக்கு, நடைபாதை வியாபாரிகளுக்கும் சுமட்டுத் தொழிலாளருக்கும் தாமே தேர்ந்தெடுக்கும் இடங்கள் என்பதே இந்தத் தெருவின் வரலாற்றோடு ஒத்துப்போகும். அதற்கான சட்டம் கேரளத்தில் இன்னும் எழுதப்படவில்லை.

இப்போதைக்கு நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. நடைபாதைக்காரரின் இடம் தேர்தலால் நிரம்புகிறது. கடைக்காரரின் இடத்தை அரசு நியமனம் செய்கிறது.