புனே வானிலை ஆய்வும் மழைச் சொற்களின் வரையறையும்

புனே நகரின் சிவாஜி நகர்ப் பகுதியில் ஒரு நாற்சந்தி 'சிம்லா ஆபீஸ்' என்னும் பெயரால் வழங்கி வருகிறது. சிம்லாவைச் சார்ந்த அலுவலகம் எதுவும் அங்கில்லை. அங்குள்ள பழைய கட்டடம் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு உரியது. 1928-இல் அத்துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து புனேக்கு மாற்றப்பட்டபோது, அது எங்கிருந்து வந்ததோ அவ்வூரின் பெயரையே நகர மக்கள் அதற்கு இட்டுவிட்டனர். 1944-இல் தலைமையகம் தில்லிக்குச் சென்றது. மக்கள் இட்ட பெயர் மட்டும் அகலவில்லை.

வழக்குச் சொல் தன் பொருளின் எல்லையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதற்கு இப்பெயர் ஒரு சான்று. அக்கட்டடத்தின் உள்ளே நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. மழை, பருவம், இயல்பு, வறட்சி என யாவரும் அறிந்த சொற்களுக்கு அங்கே எண்களால் வேலி கட்டப்பட்டது. அச்சொற்கள் தமிழுக்கு வந்தபோது பெரும்பாலும் சொல் வந்ததேயன்றி வேலி வரவில்லை. புனே நிறுவனங்களின் வரலாறு மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பொருளாவது இதனாலேயே.

வானிலைத் துறை பஞ்சத்தின் குழந்தை எனலாம். 1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பொய்த்த மழையும் ஆங்கில அரசை அசைத்தன. 1875-இல் துறை நிறுவப்பெற்று, ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டே, தமிழகம் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரும் கொடுமை தொடங்கிற்று. மழை வருமா என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலுமா என்னும் வினா அதன்பின் அரசின் வினாவாயிற்று. இமயத்தில் பனி மிகுந்த ஆண்டில் சமவெளியில் மழை குறையும் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு 1882 முதல் பிளான்போர்டு முயன்று பார்த்தார். 1886 சூன் திங்களில் முறையான முதல் பருவ முன்னறிவிப்பு வெளியாயிற்று.

1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணித வல்லுநர். உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த அழுத்த, வெப்ப, மழை அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்வதையும், இது மாறி நிகழ்வதையும் கண்டார். இதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் 'தெற்கத்திய அலைவு' என வழங்குகிறோம். 1924-இல் அவர் ஓய்வு பெற்றார். நான்காண்டுகளுக்குப்பின் புனேக்கு வந்து சேர்ந்தவற்றுள் அவர் கணக்குகளும் அடங்கும். அக்காலத் தலைவரான சார்லஸ் நார்மண்டு பின்னர் 1953-இல் எழுதியபோது வெளியிட்ட கருத்து நினைக்கத்தக்கது: இந்தியப் பருவமழையைப் பிற இடங்களின் நிலையிலிருந்து கணிப்பதைக் காட்டிலும், பிற இடங்களில் பின்னர் நிகழவிருப்பதை இப்பருவமழையிலிருந்து கணிப்பது எளிது. வாழ்நாள் முழுதும் மழையைக் கணிக்க முயன்றவரின் ஒப்புதல் இது.

புனே மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ள ஊர். மலைமேல் மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்ய, புனேயில் ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே பெய்கிறது. மழைக்கு ஒளிந்த ஊரில் மழையாய்வு வளர்ந்தது ஒரு வேடிக்கை. எனினும் வேளாண்மையின் துயரை உணர அது தகுந்த இடமே. 1932-இல் வேளாண் வானிலைப் பிரிவு இங்குத் தொடங்கப்பெற்றது. அதனை நடத்திய எல். ஏ. ராமதாஸ் பாலக்காட்டுப் பகுதியினர். தெளிந்த, காற்றற்ற இரவில் மிகக் குறைந்த வெப்பநிலை தரையில் அன்றித் தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருக்கக்கூடும் என்று அவ்வாண்டில் அவரும் ஆத்மநாதனும் அறிவித்தனர். கருவிப்பிழை என்று பலர் ஐயுற்றனர். பின்னர் உறுதி செய்யப்பெற்று அக்காற்றடுக்கு 'ராமதாஸ் அடுக்கு' எனப் பெயர் பெற்றது.

பிழை கருவியினதா இயற்கையினதா என்னும் ஐயம் தீர வேண்டுமாயின் கருவிகள் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் அளக்க வேண்டும். அப்பணியில் முதன்மையானவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1948-இல் புனே அலுவலகத்தின் கருவிப் பிரிவில் சேர்ந்த அன்னா மணி (1918–2001). வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவிகளுக்கு மாற்றாக உள்நாட்டிலேயே செய்யும் வகையில், ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்கள் அவர் பொறுப்பில் தரப்படுத்தப்பெற்றன. தூத்துக்குடியில் அளந்த மழையும் புனேயில் அளந்த மழையும் ஒரே பொருளுடைய எண்களாயின. கலைச்சொல்லாக்கத்தில் தரப்படுத்தம் பற்றிப் பேசுவோர் இந்நிகழ்வைக் கருத்தில் கொள்ளலாம்: எண் ஒருமைப்பட்ட பிறகே சொல்லை ஒருமைப்படுத்தும் தேவை எழுந்தது.

தலைமையகம் தில்லிக்குச் சென்ற பிறகும் காலநிலைத் தரவுகளும் ஆராய்ச்சியும் புனேயிலேயே தங்கின. 1962 நவம்பர் 17-இல் உலக வானிலை அமைப்பின் துணையோடு வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இங்குத் தோன்றியது, பி. ஆர். பிஷாரடி அதன் முதல் இயக்குநர். 1971 ஏப்ரல் 1 முதல் அது 'இந்திய' என்னும் அடையோடு தன்னாட்சி நிறுவனமாயிற்று. பின்னர்ப் பாஷான் பகுதியில் தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது. 2006-இல் புவி அறிவியல் அமைச்சகம் உருவானபின் அதன்கீழ் இயங்குகிறது.

இந்நிறுவனத்தின் பணிகளுள் சொல்லாய்வாளர் உற்று நோக்கத்தக்கது பார்த்தசாரதியும் உடன் பணியாற்றியோரும் தொகுத்த மழைத் தொடர். சமவெளி மாவட்டங்களுக்கு ஒன்றாக 306 மழைமானி நிலையங்களைத் தேர்ந்து, மாவட்டப் பரப்புக்கேற்ப எடையிட்டு, 1871 முதல் 'அகில இந்திய மழை' கணக்கிடப்பெற்றது. இமயமலை மாவட்டங்கள் இதில் சேரா. செய்தித்தாளில் 'நாட்டில் மழை' என்று படிப்பவர் மனத்தில் எழுவது ஒரு நிலப்படம். ஆய்வாளர் மனத்திலுள்ளதோ தேர்ந்தெடுத்த நிலையங்களின் சராசரி. அன்றியும் இத்தொடரின் தலையாய பருவம் சூன் முதல் செப்டம்பர் வரையிலானது.

தமிழுக்கு இடர் தொடங்குவது இங்கேதான். 'மான்சூன்' என்னும் சொல் அரபு மொழியின் 'மவ்சிம்' என்பதிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மவ்சிம் என்பது குறித்த காலம், பருவம் எனப் பொருள்படும். அதே சொல் பாரசீகம் வழியாக 'மௌசம்' என இந்தியில் நுழைந்து, வானிலை என்னும் பொதுப்பொருளைப் பெற்றது. 1950-இல் தொடங்கிய துறையின் ஆய்விதழ் 1979-இல் 'மௌசம்' என்றே பெயர் மாற்றப்பெற்றது. உடன்பிறந்த சொற்கள் இரண்டும் ஒன்று காற்றாகவும் மற்றொன்று வானிலையாகவும் ஒரே அலுவலகத்தில் மீண்டும் சந்தித்தன. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைப் 'பருவக்காற்று' என்றும் 'பருவமழை' என்றும் ஆக்கியது செம்மையான ஆக்கம். மூலச்சொல்லின் வேர்ப்பொருளையே அது தொட்டது. எனினும் மராத்தியர்க்குப் 'பாவசாளா' எனும் மழைக்காலம் ஒன்றே. தமிழர்க்கோ கார், கூதிர் என இரண்டு. ஆவணி, புரட்டாசியின் காரைக் காட்டிலும் ஐப்பசி, கார்த்திகையின் கூதிரே தமிழகத்தின் பெருமழைக்காலம். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் அடையின்றி வரும் 'மான்சூன்' என்பதைத் தமிழில் அடையின்றிப் 'பருவமழை' என எழுதுதல் பிழை. புனேயில் அச்சொல் தென்மேற்குப் பருவத்தையே சுட்டுகிறது. கடலூரில் படிப்பவர் அதனைத் தம் பருவமாகக் கொள்வார்.

'இயல்பு' என்னும் சொல்லின் நிலை இன்னும் நுட்பமானது. நாடு முழுமைக்குமான பருவ முன்னறிவிப்பில் நீண்டகாலச் சராசரியின் 96 முதல் 104 விழுக்காடு வரை இயல்பு. ஒரு வானிலை உட்கோட்டத்திலோ 19 விழுக்காடு குறைந்தாலும் மிகுந்தாலும் அதுவும் இயல்பே. ஒரே சொல், இரு வேலிகள். அச்சராசரியும் நிலைத்ததன்று: 1951–2000 காலத்தைக் கொண்டு 89 சென்டிமீட்டராக இருந்தது, 1961–2010-க்கு 88 ஆகி, 1971–2020-க்கு 87 ஆயிற்று. முன்னறிவிப்பும் இவ்வேலிக்குள் அடங்க மறுத்ததுண்டு. வசந்த் கோவாரிகர் முதலியோர் 16 காரணிகளைக் கொண்டு அமைத்த கணிப்புமுறை 1988 முதல் பயன்பட்டது. 2002-இல் இயல்பு மழை என அறிவிக்க, பெய்ததோ 81 விழுக்காடு. அதன்பின் அம்முறை கைவிடப்பெற்றது.

நாள்தோறும் வரும் அறிவிப்பின் சொற்களும் இத்தகையவே. 'ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்' என்னும் வானொலித் தொடர் தமிழகத்தில் நகைச்சுவைக்குரிய பொருளாகவே ஆகிவிட்டது. எங்கேனும் இரண்டிடத்தில் பெய்யாமலா போகும் என்பது கேட்போர் எண்ணம். உண்மையில் அது ஒரு வட்டாரத்தின் நிலையங்களுள் 25 விழுக்காடு வரை மழை பதிவாகும் என்பதன் மொழிபெயர்ப்பு. 50 வரை 'ஒருசில', 75 வரை 'பல', அதற்குமேல் 'பெரும்பாலான'. நான்கு சொற்களும் ஏணிப்படிகள் என்று கேட்போர்க்கு எவரும் சொன்னதில்லை. 'ஓரிரு' என்பது எண்ணுப்பெயராகவே செவியில் விழுவதால் தேர்வு பொருந்தவில்லை என்றே கூற வேண்டும். 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி', 'தாழ்வு மண்டலம்' என்னும் இணை இதனினும் இடர் தருவது. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டும்போது பகுதி மண்டலமாகிறது; பொதுவழக்கில் 'பகுதி'க்கும் 'மண்டலத்'திற்கும் இடையே வலிமை வேறுபாடு எதுவுமில்லை. படகை இறக்கலாமா என்று எண்ணும் மீனவர்க்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. இலங்கைத் தமிழில் 'தாழமுக்கம்' என்னும் செறிவான சொல்லும், மான்சூனுக்குப் 'பருவப்பெயர்ச்சி' என்பதும் வழங்குகின்றன. காற்று திசை பெயர்தலே மான்சூனின் இலக்கணமாதலின் பின்னது தமிழக வழக்கைவிடப் பொருத்தமானது.

அண்மைக் காலத்தில் இக்குழப்பம் 'பருவநிலை மாற்றம்', 'காலநிலை மாற்றம்' என்னும் இரட்டை வழக்காக நீள்கிறது. 2020-இல் புனே நிறுவனத்தினர் முன்னின்று வெளியிட்ட மதிப்பீடு, 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 செல்சியசு உயர்ந்ததையும், 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்ததையும் காட்டிற்று. முதலாவது காலநிலையின் மாற்றம். இரண்டாவது பருவத்தின் மாற்றம். இரண்டையும் 'பருவநிலை' என்றால் வேறுபாடு மறைந்துவிடும். 2021-இல் தமிழக அரசு தன் துறைப்பெயரில் 'காலநிலை மாற்றம்' என ஆண்டது நல்ல முடிவு.

சொல்லும் வேலியும் முரண்பட்டு நின்ற தெளிவான எடுத்துக்காட்டு 2016-ஆம் ஆண்டு. அதன் தொடக்கத்தில் வானிலைத் துறை 'வறட்சி' என்னும் சொல்லைத் தன் வழக்கிலிருந்து நீக்கியது. நாட்டின் மழை 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, பாதிக்கப்பட்ட பரப்பு 20 முதல் 40 விழுக்காடாயின் 'குறைமழை ஆண்டு' எனவும், அதற்குமேற்படின் 'பெருங்குறைமழை ஆண்டு' எனவும் பொருள்படும் தொடர்கள் வந்தன. வறட்சி என்பது நிலத்தையும் பயிரையும் நீரையும் பொறுத்தது. அதனை அறிவிப்பது மாநில அரசுகளின் உரிமை. மழையளவை மட்டும் கூறுவதே வானிலையாளர் கடமை என்பது காரணம். மொழியியல் நோக்கில் இது நேர்மையான விலக்கல் என்பதில் ஐயமில்லை.

அவ்வாண்டின் தென்மேற்குப் பருவத்தில் நாட்டில் 97 விழுக்காடு மழை பெய்தது. வரையறைப்படி இயல்பான ஆண்டு. தொடர்ந்து வந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்தில் ஏறத்தாழ 62 விழுக்காடு மழை குறைந்தது. காவிரிப் படுகையில் பயிர் கருகியது. 2017 சனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. இயல்பு மழை ஆண்டு என்று துறையின் ஏட்டில் பதிவான 2016-க்கான நிவாரணக் கணக்கை, வருவாய்த் துறையினர் வானிலைத் துறை கைவிட்ட அந்தச் சொல்லின் கீழேயே எழுதினர்.